அம்மாவின் தலையில் ஒரு சின்னத் தையல்

அம்மா சாயா கிளாஸை எடுக்கக் கையை நீட்டினாள். கை கிளாஸுக்கு இந்தப் பக்கம் வந்து மேசையைப் பிடித்தது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் மேசைதான். “கிளாஸை நகத்தி நகத்தி வெளையாடுறீங்களா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணாடி போடுகிற வயசாகிவிட்டது உனக்கு என்று கேலி பண்ணினேன். அவள் நோய் அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

ஆயிஷா, உன் அத்தா நான் இதை உனக்காக எழுதுகிறேன். நீ அப்போது அஞ்சாம் வகுப்பு. உன்னைப் பள்ளுருத்தியில் ரஹ்மத் சின்னம்மா வீட்டில் விட்டிருந்தோம். போனில் நீ எத்தனையோ கேட்டாய். நான் எல்லாவற்றுக்கும் “அம்மாவுக்கு இப்போ தேவலை” என்றுதான் சொன்னேன். என்ன நடந்தது என்று உனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை. உன் வயசில் அம்மாவையோ அத்தாவையோ ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நான் எட்டாவது வரை படித்தவன். மட்டாஞ்சேரியில் கைலியும் வெள்ளைத் துணியும் விற்கிறவன். டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடிபட்ட மட்டும் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். விளங்காத இடத்தில் நஸ்ரின் அக்காவைக் கேள், அவள் மலையாளத்தில் சொல்லித் தருவாள்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை, தலையைக் காட்டுங்கள் என்றார். தலையைக் காட்டுவதா என்று நாங்கள் ஒரு வாரம் தள்ளிப் போட்டோம். அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்கால அஸர் தொழுகைக்கு அம்மா முசல்லாப் பாயை விரித்தாள். இத்தனை வருஷம் தொழுத அதே அறை. விரித்தது, தொழ வேண்டிய கிப்லாத் திசையில் இல்லை, அடுக்களைப் பக்கம். அக்காதான் பார்த்தாள். “அம்மா, கிப்லா இந்தப் பக்கம்” என்று திருப்பி விட்டாள். அம்மா திரும்பி நின்றாள். அந்தத் தொழுகையில் அவள் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் ரொம்ப நேரம் இருந்தாள். பயந்து போயிருக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

எரணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளை நரம்பு டாக்டரைப் பார்க்கிற இடத்தில் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலி. கூப்பிடும்போது பேரைச் சொல்ல மாட்டார்கள், டோக்கன் நம்பரைத்தான் சொல்வார்கள். அம்மாவுக்கு அந்த நம்பர் மனசில் நிற்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள், நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஓட்டலில் வேலை பார்க்கிற ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார். தன் கையிலிருந்த பேனாவால் அம்மாவின் டோக்கன் நம்பரை அவள் உள்ளங்கையில் பெரிசாக எழுதிக் கொடுத்தார். “பாத்துக்கங்க தாயி, இனி அவரக் கேக்க வேணாம்.” அம்மா கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பீனா என்று ஒரு அம்மா. மலையாளத்துக்காரி. எங்களுக்காகத் தமிழும் கலந்து மெதுவாகப் பேசுவார். அன்றைக்கே ஷமீமாவைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

என்னென்ன பரிசோதனை செய்தார்கள் என்று சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து, காந்தத்தால் உள்ளே படம் எடுப்பது. வலிக்காது. ஆனால் தகரக் கொட்டகைக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். இ.இ.ஜி. என்பது தலையில் பசை தடவி, மெல்லிய கம்பிகளை ஒட்டி, மூளை ஓடுகிற ஓட்டத்தை அலை அலையாகக் காட்டுவது. அதுவும் வலிக்காது. மூன்றாவது வலிக்கும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடுகிற தண்ணீரில் கொஞ்சம் எடுப்பார்கள். ஆளை இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்வார்கள். அம்மா என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஒரு சத்தம் போடவில்லை. ஊசி எடுத்த பிறகு, “இறால்னா உரிச்சிருப்பாங்களே” என்றாள்.

அந்த முதல் நாட்களில் அவள் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. படம் பார்த்துவிட்டு வந்த டாக்டரிடம், “டாக்டரம்மா, என் மூளைய முழுசாப் படம் புடிச்சீங்களே, அதுல இவரு எங்கனயாச்சும் இருக்காரா?” என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

“தேடினேன் ஷமீமா. ஒரு கைலிக்கடை கண்டேன், அடைச்சுப் போட்டிருக்கு” என்றார் டாக்டர்.

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் கடைசியாக அப்படிச் சிரித்தது அதுதான்.

முதலில் டாக்டர் ஒரு நல்ல சேதி மாதிரிதான் சொன்னார். உடம்பில் நோயை எதிர்க்கிற படை ஒன்று இருக்கிறது. சில பேருக்கு அந்தப் படை ஆள் தெரியாமல் சொந்த மூளையையே தாக்கும். அப்படி இருந்தால் ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் படையை அடக்கலாம், ஆள் எழுந்து உட்காருவார். அதுவாக இருக்க வேண்டும் என்று நான் அல்லாஹ்விடம் துஆ செய்தேன். மனைவிக்கு ஒரு நோயைக் கேட்டுத் துஆ செய்த புருஷன் நானாகத்தான் இருப்பேன். மருந்து ஏற்றினார்கள். ரெண்டாம் நாள் அம்மா கப்பக்கிழங்கும் மீன்கறியும் கேட்டாள். சின்னம்மா பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறித் தூக்குப் போசியில் கொண்டுவந்தாள். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். சின்னம்மா வராந்தாவில் போய் நின்று அழுதாள், சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு அவளாகச் சாப்பிடவில்லை. பேச்சு குறைந்தது. ஒரு வார்த்தையைத் தொடங்கி அதிலேயே நின்றுவிடுவாள். சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போட்டது. கதவுத் தாழ்ப்பாள் விழுந்தால், பக்கத்தில் ஸ்பூன் விழுந்தால், கை கால் எல்லாம் ஒரு துள்ளு துள்ளும். அவள் நோயின் அடையாளமே அதுதான் என்று பிறகு சொன்னார்கள். நான் கடையிலிருந்து பழைய கைலித் துண்டுகளைக் கொண்டுவந்து தாழ்ப்பாளில் சுற்றினேன். ஒரு சிஸ்டர், அதாவது நர்ஸ், அதைப் பார்த்துவிட்டுத் தானும் ரெண்டு துண்டு வாங்கி மருந்துத் தட்டின் அடியில் விரித்துக்கொண்டார். அம்மாவின் அறைப்பக்கம் வந்ததும் தள்ளுவண்டிக்காரர்கூட நடையை மாற்றிக்கொள்வார். பணம் கொடுத்து வாங்க முடியாத உபகாரம் அது. பில் ஒரு பக்கம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. பெருநாளுக்கு வர வேண்டிய சரக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்க்கடைச் சேட்டன் காலையில் என் கடையைத் திறந்து, சாயங்காலம் அடைத்து, சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் செய்கிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள், முதலில் நினைத்த நோய் இல்லை என்று சொல்லி, டாக்டர் என்னையும் அக்காவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அக்கா அப்போது பிளஸ் டூ. என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகப் புரியும் என்று நானே கூட்டிப் போனேன்.

டாக்டர் மேசை மேலே தன் கைக்குட்டையை விரித்தார். நம் உடம்பு எண்ண முடியாத சின்னச் சின்ன செல்களால் ஆனது. செங்கல் செங்கலாகச் சேர்ந்து வீடு ஆவது மாதிரி. மூளைச் செல்களில் புரதம் என்ற பொருள் இருக்கிறது. பருப்பில், மீனில் இருக்கிறது என்று உன் பாடத்தில் வருகிறதே, அந்த இனம்தான். ஒவ்வொரு புரதமும் ஒரு கணக்கில் மடிந்திருக்கும். மடிப்பு சரியாக இருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். டாக்டர் கைக்குட்டையை அழகாக மடித்துக் காட்டினார். பிறகு அதைத் தாறுமாறாகச் சுருட்டினார்.

“ஷமீமாவோட மூளையில ஒரு புரதம் தப்பா மடிஞ்சிருக்கு. அது சும்மா இருக்கல. பக்கத்துல நல்லா மடிஞ்சதைத் தொட்டு, அதையும் தன்னை மாதிரி ஆக்குது. அது அடுத்ததை. அப்படிப் போகுது. அதெல்லாம் ஒட்டிக் கட்டியா நின்னா செல் செத்துப் போகும். செத்த இடத்துல ஓட்டை விழும்.”

“கிருமியா டாக்டர்?” என்று நான் கேட்டேன்.

“கிருமின்னா உயிர் உண்டு இக்கா, கொல்லலாம். இதுக்கு உயிரே இல்ல. எதைக் கொல்றது?”

அக்கா கேட்டாள்: “அப்போ மருந்து?”

டாக்டர் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இல்ல மோளே. இது வரைக்கும் இல்ல. உலகத்துல எங்கயும் இல்ல.”

ஏன் வந்தது என்று கேட்டேன். நான் ஏதாவது கொடுத்தேனா, அவள் ஏதாவது சாப்பிட்டாளா, கீழே விழுந்தாளா. தெரியாது என்றார். பெரும்பாலும் முதல் மடிப்பு ஏன் தப்புகிறது என்று யாருக்கும் தெரியாது என்றார். பரம்பரையாக வருகிற வகை ஒன்று உண்டு, அதற்கு ரத்தத்தில் பார்க்கலாம். பார்த்தார்கள். அது இல்லை. ஆயிஷா, இந்த இடத்தை ரெண்டு தரம் வாசி. அம்மாவுக்கு வந்தது வழிவழியாக வருகிற வகை இல்லை. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், முத்தம் கொடுத்தாலும் ஒட்டாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. அம்மா கண்ணைத் திறந்துதான் கிடந்தாள். ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. மூக்கில் குழாய். சின்னம்மா காதுப்பக்கம் மெதுவாகக் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதுவாள். சத்தம் கூடினால் துள்ளும் என்பதால் உதடு மட்டும் அசைகிற மாதிரி. நீ போனில் சொன்னதையெல்லாம் நான் அவளிடம் சொன்னேன். கணக்கில் முழு மார்க்கு வாங்கியதையும் சொன்னேன்.

அப்போதுதான் டாக்டர் என்னிடம் ஒன்று கேட்டார். ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஷமீமா போன பிறகு, மூளையிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதிப்பீர்களா? காதுக்கு மேலே முடிக்குள் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான், தைத்துத் தந்துவிடுவோம். உயிரோடு இருக்கும்போது மூளையைத் திறந்து பார்க்க முடியாது, அதனால்தான் இந்த நோயைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிகிறது. “இல்லன்னு சொன்னாலும் இங்க கவனிப்பு ஒரு துளிகூட குறையாது. துண்டு தர்றதுல உங்களுக்குப் பிரயோசனம் ஒண்ணும் இல்ல. அதையும் சொல்லிடணும் இல்லையா.”

நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஆள் போனால் உடனே குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, அடக்கம் செய்ய வேண்டும். மய்யித்தை, அதாவது இறந்த உடலை, நோகடிக்கக்கூடாது. உயிருள்ள ஆளைத் தொடுகிற மாதிரிதான் தொட வேண்டும். நான் பள்ளிவாசல் உஸ்தாதிடம் போய்க் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

“கூடாதுன்னு சொல்ற, மார்க்கம் படிச்ச ஆலிம்கள் உண்டு. தேவைக்காகக் கூடும்னு சொல்றவங்களும் உண்டு. கட்டாயம்னு யாரும் சொல்லல. வீட்டாளுங்க மனசு ஒத்து வரட்டும். அவசரப்படாதீங்க.”

வீட்டில் மனசு ஒத்து வரவில்லை. அக்காவிடம் சொன்ன மாத்திரத்தில் அவள் எழுந்துவிட்டாள்.

“வேண்டா அத்தா. அம்மாவ முழுசாக் கொண்டுட்டுப் போணும். எவ்வளவு ஊசி, எவ்வளவு குழாய்! போன பொறவும் விட மாட்டாங்களா?”

“சின்னத் துண்டுதான் புள்ள.”

“உங்க தலையில எடுக்கச் சொல்லுங்க.”

ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. நானும் டாக்டரிடம் இல்லை என்று சொல்லிவிடத்தான் போனேன். அக்கா சொன்னதைச் சொல்லிவிட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. மோள் வந்து என்னோடு அஞ்சு நிமிஷம் பேசட்டும், மனசு மாற்ற இல்லை, அவளுக்குக் கேட்க வேண்டியது இருக்கும், கேட்கட்டும் என்றார்.

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். பின்பக்கம் ஒரு சின்ன ஆராய்ச்சி அறை. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடித் தகடு வைத்து, பார் என்றார். அக்கா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்கள். இளஞ்சிவப்பாக ஒரு பரப்பு. அதில் அங்கங்கே வெள்ளையாக, வட்ட வட்டமாக ஓட்டைகள். அப்பத்தில் விழுகிற ஓட்டை மாதிரி. அதுதான் நோய். அதற்கு முன்னால் அம்மாவின் நோய்க்கு ஒரு முகம் இருக்கவில்லை.

“இது ஆருடெ?” என்று அக்கா கேட்டாள்.

“பேர் சொல்லக் கூடாது மோளே. ஒரு ஆளோட அப்பன். பல வருஷம் முன்ன. ஷமீமாவுக்கு வந்தது இதுதான்னு எனக்குத் தெரிஞ்சது இல்லையா? இவரைப் பார்த்துப் படிச்சதாலதான் தெரிஞ்சது.”

“இவரோட வீட்டுல அழுதாங்களா?”

“அழுதாங்க. ஒரு மகன் என்கிட்ட இன்னும் பேசறது இல்ல.”

அக்கா மறுபடி குனிந்து பார்த்தாள். வெளியே வந்து வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். சரி என்று அவள் சொல்லவில்லை. “நீங்க பாத்துக்கங்க அத்தா. என்கிட்டே கேக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டேன். ஏன் வந்தது என்று நான் கேட்ட இடத்தில் எல்லாம் தெரியாது என்றே சொன்னார்கள். அடுத்து ஒருத்தன் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்பான். அவனுக்கு இன்னும் கொஞ்சமாவது பதில் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் போட்ட பிறகு அந்தத் தாளைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றும் நினைத்தேன். அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிகிற நேரத்தில் போனாள். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரு இடைவெளிக்குப் பிறகு வரவில்லை. சொன்னபடி கொஞ்ச நேரத்தில் எடுத்துத் தைத்து, வெள்ளைத் துணி கட்டித் தந்தார்கள். தொட்டால் ஒட்டாது, ஆனாலும் தையல் வழியாக மூளைத் தண்ணீர் கசியலாம் என்பதால் குளிப்பாட்டுகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், தையல் இருக்கிற இடத்தை அழுத்தக்கூடாது என்று டாக்டர் என்னிடம் ரெண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

நான் நேராகக் கடைக்குப் போனேன். நம் பள்ளிவாசல் மஹல்லாவில் யார் போனாலும் கபன் துணி என் கடையிலிருந்துதான் போகும். பெண்களுக்கு அஞ்சு துண்டு. எத்தனையோ பேருக்குக் கிழித்திருக்கிறேன். அன்றைக்குத் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கத் தொடங்கினேன். கை வரவில்லை. சேட்டன்தான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு குழப்பம். கையுறை என்ற வார்த்தையைக் கேட்டதும் குளிப்பாட்ட வந்த பெண்களில் ரெண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள். தலையைத் திறந்தார்களாமே, ஒட்டுமாமே என்று பேச்சு. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கே விளங்கப் பல நாள் ஆனது. அடுத்த வீட்டு மலையாளத்து நபீசத்தாதான் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். “எனிக்கு வயசாயி. ஒட்டினா ஒட்டட்டே. இங்ஙோட்டு தா அந்தக் கையுறை.” சின்னம்மா வந்தாள். மூன்றாவதாக அக்கா வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

உள்ளே நடந்ததைச் சின்னம்மா பிறகு சொன்னாள். தண்ணீர் ஊற்றி முடித்து, முடியைத் துவட்டும்போது தையல் தெரிந்தது. காதுக்கு மேலே, கறுப்பு நூலில், சின்னதுதான். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். நம் ராவுத்தர் வீடுகளில் மய்யித்தின் முடியை ரெண்டாகப் பிரித்து நெஞ்சின் மேல் போடுவோம். சின்னம்மா அப்படிப் பிரிக்கப் போனாள். பிரித்து முன்னால் இழுத்தால் அந்த இடம் வெளியே வந்துவிடும்.

“நில்லுங்க சின்னம்மா. நபீசத்தா, நிங்ஙள் முடியை எங்ஙனெ செய்வீங்க?”

“ஞங்ஙள் மூணா பின்னும் மோளே. பின்னாலெ இடும்.”

“அது போதும். அம்மாவுக்கு மூணாப் பின்னுவோம்.”

“நம்ம வழக்கம் அது இல்லையே புள்ள” என்றாள் சின்னம்மா.

“ரெண்டும் நம்ம மார்க்கத்துல உள்ளதுதானே? அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அக்காவே பின்னினாள். கையுறையோடு பின்னியதால் நேரமானது. நபீசத்தா தலையைத் தாங்கிக்கொண்டார். காதோரத்து முடியை இறக்கி, தையல் மேல் வருகிற மாதிரி ஒரு பின்னலைப் போட்டு, மூன்றையும் பின்னால் விட்டாள்.

நான் வாசலில் நின்றேன். எங்கள் மத்ஹபின் மார்க்கச் சட்டப்படி, மனைவி போன பிறகு கணவன் அவளைத் தொடக்கூடாது. பார்க்கலாம். பள்ளுருத்தியிலிருந்து வந்துவிட்ட நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கதவு திறந்து அக்கா வந்தாள். முன்கை வரை நனைந்திருந்தது. நான் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. இப்போது பார்த்தாள்.

“வாங்க அத்தா. ஆயிஷாவையும் கூட்டிட்டு வாங்க. அம்மா நல்லா இருக்காங்க.”

உள்ளே போனோம். அக்கா குனிந்து, நான் தொடக்கூடாததால், முகத்துத் துணியை எனக்காக விலக்கிப் பிடித்தாள். அந்தத் தையல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். நான் அங்கே பார்க்கவில்லை. ஷமீமாவின் முகத்தைப் பார்த்தேன். போதும் என்று நான் தலையசைக்கும் வரை அக்கா துணியை மூடவில்லை.